கண்ணாடியின் மூலையில் வைத்த பொட்டு

பிள்ளைகளே,

வருகிற சனிக்கிழமை எங்கள் வெள்ளைக் காரைக் கொடுத்துவிடுவது என்று நீங்கள் இரண்டு பேரும் தீர்மானித்துவிட்டீர்கள். நான் மறுக்கவில்லை. பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது கராஜ்காரரும் இனி இதற்குச் செய்ய ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். கதவுக்குக் கீழே கறள் பிடித்துவிட்டது. என் முழங்காலுக்குள்ளும் அப்படித்தான் ஏதோ பிடித்திருக்கிறது. இரண்டையும் இழுத்துக்கொண்டு திரிய இனி எனக்கும் ஏலாது.

போன கிழமை சின்னவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, உந்தச் சந்தனப் பொட்டு ஏன் கார்க் கண்ணாடியின்ரை மூலையில கிடக்கு? மற்ற ஆக்கள் எல்லாம் நடுவிலதானே வைக்கினம்?" நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "பிறகு சொல்லுறன்" என்றேன். உங்களுடைய பாதிக் கேள்விகளுக்கு நான் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆகவே இதையாவது எழுதிவிடுகிறேன். ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது, எழுத்தில் பிழை இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது மறந்துபோயிருந்தால் அம்மாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இது 2009ஆம் ஆண்டு மாரிகாலத்துப் பனிக்குளிரில் நடந்தது. அந்த வருஷம் வைகாசியில், யுத்தத்தின் கடைசி நாட்களில், ஊரில் நடந்ததைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. போன் எடுத்து எடுத்து, ஆட்களைத் தேடித் தேடி, குளிர் தொடங்கும் முன்னரே நாங்கள் களைத்துப்போயிருந்தோம். அப்போது நாங்கள் இங்கே சுவிஸில், இன்டர்லாக்கனுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தோம். வாடகை குறைவு என்றுதான் அங்கே போனது. பஸ் எப்போதாவது வரும். நான் கீழே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தேன். மூத்தவள் அப்போது கிண்டர்கார்டனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னவன் கார்த்திகையில் பிறந்தான். தை முடிவில் பிறக்க வேண்டிய பிள்ளை.

பிறந்ததும் அவனைப் பேர்ண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அம்மா ஒபரேஷன் காயத்தோடு சில நாளில் வீட்டுக்கு வந்தாள், அவன் அங்கே இருந்தான். முதலில் வேறு பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு வீங்கியது, எல்லாவற்றையும் கக்கிவிட்டான். டொக்டர் என்னைக் கூப்பிட்டு, இப்போதைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், அதுவும் ஒவ்வொரு நாளும் வரவேண்டும் என்றார்.

அம்மாவால் அந்த வளைவுப் பாதையில் ஒவ்வொரு நாளும் இருந்து வர முடியாது. மூத்தவளையும் தனியே விட முடியாது. என் லீவு நாளில் மட்டும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். மற்ற நாட்களில் பாலை நான்தான் கொண்டுபோனேன். ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை ஓய்வு விடுவார்கள். சிம்மர்ஸ்துண்டே என்று அதற்குப் பெயர். மற்றவர்கள் மேல் மாடியில் போய்ப் படுப்பார்கள். நான் மலையேறி வீட்டுக்குப் போய்ப் பாலை எடுத்துக்கொண்டு, பிறகு கீழே இறங்கிப் பேர்ணுக்குப் போய், பாலைக் கொடுத்து அவனைப் பார்த்துவிட்டு, வெங்காயம் வெட்ட நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். கார் இல்லாமல் இது நடவாது.

எங்களிடம் இருந்த பழைய காரின் கியர்ப் பெட்டி அந்த ஐப்பசியிலேயே உடைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வழியில்லை. அப்போதுதான் அண்ணை ஒருவர் உதவிக்கு வந்தார். ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். இன்டர்லாக்கனில் ஒரு சின்ன வாடகைக் கார்க் கடையில் கார் கழுவும் வேலை அவருக்கு. "நான் ஒரு நாளைக்கு எத்தினை கார் ஓட்டுறன் தெரியுமோ? ஆனா உந்தக் கேற்றைத் தாண்டினதில்லை" என்று சொல்லிச் சிரிப்பார். சுவிஸ் லைசென்ஸ் சோதனையில் அவர் சித்தியடையவே இல்லை. முற்றத்துக்குள் முன்னும் பின்னும் எடுப்பதோடு சரி.

அவர் முதலாளியிடம் எனக்காகக் கதைத்தார். முதலாளி நெட்டையான மனிதர், அறுபது வயதிருக்கும், சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் ஒரு ஒழுங்கு சொன்னார். மாரியில் கார்கள் சும்மா நிற்கின்றன. நிற்கிற ஒன்றைக் குறைந்த விலைக்குக் கொண்டு போ. அந்தக் காரைக் கேட்டு ஆள் வந்தால் உடனே கொண்டுவந்து விட்டுவிட்டு, வேறு எது நிற்கிறதோ அதைக் கொண்டு போ.

கார் மாற்றுவது என்றால் திறப்பைக் கொடுத்துத் திறப்பை வாங்குவதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அது வீடு மாறுகிற மாதிரி. மூத்தவளின் இருக்கை, அவளுடைய பொம்மை, ஐஸ் சுரண்டுகிற தகடு, பனி அள்ளும் சவள், முன்னுக்கு ஒட்டுகிற சின்னப் பிள்ளையார் படம், மாற்றுச் சப்பாத்து. எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டும். மார்கழியில் நத்தார்ப் பண்டிகை நெருங்க நெருங்க உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள், அண்ணையின் போனும் அடிக்கடி வரத் தொடங்கியது. "தம்பி, உந்தப் பச்சையைக் கொண்டா. ஒரு குடும்பம் வந்து நிக்குது."

ஒரு காரில் லைற் போடும் பொத்தான் இடது பக்கம் இருக்கும், மற்றதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தேட வேண்டும். ஒன்று டீசல், மற்றது பெற்றோல். பெற்றோல் நிலையத்தில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்தக் காரில் வந்தேன் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். ஓட்டோமற்றிக் ஒன்றைத் தந்தபோது இல்லாத கிளச்சை இடது காலால் அமத்தப் போய், பிரேக் பிடித்து, தூண் நகரத்தில் பின்னால் வந்தவரிடம் நல்ல பேச்சு வாங்கினேன். மூத்தவள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். பச்சைக் காருக்குத் தவளை. அதைத் திருப்பிக் கொடுத்த நாள் அவள் இரவு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. குசினியில் பாத்திரம் கழுவும் போர்த்துக்கேயப் பொடியன், "ஒவ்வொரு கிழமையும் புதுக் கார்! நீ உண்மையில் இந்த ஹோட்டல் முதலாளியோ?" என்று கேட்பான். நான் சிரிப்பேன். சிரிப்பதும் அப்போது வேலை மாதிரித்தான் இருந்தது.

வீடும் வாடகை, காரும் வாடகை. அம்மா பால் எடுத்த மெஷினும் மருந்துக்கடையில் வாடகைக்கு எடுத்ததுதான். அது இரவில் கர் கர் என்று சத்தம் போடும். கவலையாலும் நித்திரையில்லாததாலும் பால் குறைந்துகொண்டு வந்தது. சின்னச் சின்னப் போத்தலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். அதை அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள்.

இன்னொரு வேலையும் இருந்தது. புதிதாக ஒரு வாகனம் வீட்டுக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தானே ஓடுவோம். வாடகைக் கார்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா விடவில்லை. "அதில போறது என்ரை பிள்ளையின்ரை பால். வாடகையோ சொந்தமோ எண்டு ரோட்டுக்குத் தெரியுமே?" கார் மாறும்போதெல்லாம் நாலு தேசிக்காய். முதல் முறை அம்மா சொன்னபடி முதலாளியின் முற்றத்திலேயே வைத்து நசித்துவிட்டேன். அவர் வெளியே வந்து அந்தச் சக்கையைக் குனிந்து பார்த்தார். இது என்ன என்று அண்ணையைக் கேட்டார். அண்ணைக்கு ஜெர்மன் குறைவு. "ஃபெர்சிஹெருங்" என்றார், அதாவது காப்புறுதி. முதலாளி முகம் மாறாமல், "காப்புறுதி வாடகைக்குள் ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு தேசிக்காய் வேலையை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டேன்.

நத்தாருக்கு முதல் கிழமை அது நடந்தது. மத்தியான வேலை முடியும் நேரத்தில் அண்ணை போன் எடுத்தார். நான் வைத்திருந்த நீலக் காரைக் கொடுத்துவிட்டு வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா நீலப் பையோடு வாசலில் நின்றாள். பால் கொண்டுபோக ஆஸ்பத்திரியில் தந்த குளிர்ப் பை அது. உள்ளே ஐஸ் கட்டிகள் வைத்திருக்கும்.

"இண்டைக்குப் பால் கொஞ்சம் கூட இருக்கப்பா," என்றாள். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "ராத்திரி முழுக்க எடுத்தனான். கவனமாக் கொண்டு போங்கோ."

டிக்கியில் வைத்தால் உருளும் என்று பையை ஓட்டுநர் ஆசனத்துக்குப் பின்னால், கீழே காருக்குள் தரையில் வைத்தேன். அம்மா வெள்ளைக் காரைச் சுற்றி வந்து தேசிக்காய் வைத்தாள். குனிய அவளுக்கு வலித்தது, எனக்குத் தெரியும். பிறகு முன் கண்ணாடியின் நடுவில், மேல் பக்கமாக, பெரிய சந்தனப் பொட்டு வைத்து அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள்.

முதல் வளைவைத் தாண்டவில்லை, வைப்பர் தானாக ஓடத் தொடங்கியது. வானத்தில் ஒரு துளி மழையில்லை. காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று இழுத்தது. நான் வைப்பர்க் கைப்பிடியை இழுத்தேன், இன்னும் வேகமாக ஓடியது. வேறொன்றை அமத்தினேன், தண்ணீர் பீச்சி அடித்தது. சந்தனமும் குங்குமமும் கரைந்து கண்ணாடி முழுக்கச் சிவப்பாக வழிந்தது. ரோட்டே தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு விதமாகக் கையை நீட்டிப் பழகியதில் என் கைக்கு எதுவும் விளங்கவில்லை. கைப்பிடியை மேலே ஒருமுறை தட்டியிருந்தால் நின்றிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கார்க் கடை போகும் வழியில்தான் இருந்தது. நேரே உள்ளே விட்டேன். முதலாளி காரியாலயக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் வைப்பர் மாதிரி ஆட்டிக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், சிவந்து வழிகிற கண்ணாடியைப் பார்த்தார். போனை வைக்காமலே இன்னொரு திறப்பை எடுத்து ஜன்னலால் நீட்டினார். சின்னச் சாம்பல் கார். மூத்தவளின் இருக்கை, பிள்ளையார் எல்லாம் பிறகு எடுக்கலாம் என்று பாய்ந்து ஏறிப் புறப்பட்டேன்.

பேர்ண் ஆஸ்பத்திரியில் காரை நிறுத்திவிட்டு, இறங்கி, ஆசனத்துக்குப் பின்னால் கையை விட்டேன். வெறும் தரைதான் கைக்குப் பட்டது.

அந்த நேரம் எனக்குப் பதற்றம் வந்தது என்று எழுத வேண்டும். உண்மையில் வந்தது களைப்பு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காரின் விளிம்பில் இருந்துவிட்டேன். பிறகு மேலே போனேன். வார்ட்டில் நின்ற தாதி குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நேற்றைய பாலில் அடுத்த வேளைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றாள். அதன்பிறகு? அவள் தோளை மெல்ல உயர்த்தினாள். "திரும்ப மற்றப் பாலைத்தான் முயன்று பார்க்க வேண்டும்." கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னவன் படுத்திருந்தான். வயிறு அப்போதுதான் வற்றியிருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, வெள்ளைக் கார் நிக்குதோ?"

"நிக்குது, நிக்குது. என்னடாப்பா உது? கோயில் சுவர் மாதிரி வந்திருக்கு! நான் கழுவினன், வைப்பரும் நிண்டிட்டுது. காரில ஒரு பிழையுமில்லை."

"ஆசனத்துக்குப் பின்னால ஒருக்காப் பாருங்கோ."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பையின் சிப்பை இழுக்கிற சத்தம்.

"தம்பி... பால் எல்லே இது."

"ஓம் அண்ணை."

"நான் கொண்டு வாறன்," என்றார் உடனே. பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. "சீ! எனக்கெங்க லைசென்ஸ்? பொறு, வைச்சிடாதை."

அவர் ஓடுவது கேட்டது. பிறகு அவருடைய ஜெர்மன். இலக்கணம் ஒன்றும் இல்லாத ஜெர்மன். பிள்ளை, பால், பேர்ண், பிள்ளை, பால், பேர்ண் என்று அந்த மூன்று சொல்லையும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். கடைசியில் அண்ணை வந்து, "அங்கேயே நில், வருகுது" என்று சொல்லி வைத்துவிட்டார். யார் கொண்டுவருகிறார் என்று சொல்லவில்லை.

குசினிக்குப் போன் எடுத்து, இன்று பிந்தித்தான் வருவேன் என்றேன். ஷெஃப் ஏதோ கத்தினார். அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. கீழே வாசலில் போய் நின்றேன். குளிர் காலுக்குள்ளால் ஏறியது. கடைசியில் வெள்ளைக் கார் வந்தது. இறங்கியது முதலாளி.

அவர் நீலப் பையைப் பிடியில் தூக்கிக்கொண்டு வரவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் வாங்க நீட்டியபோது உடனே தரவில்லை.

"பிள்ளை என்ன எடை?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் பையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தார். "அப்படியென்றால் ஏறக்குறைய இவ்வளவுதான்" என்று சொல்லி என் கையில் வைத்தார்.

மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாதி ஐஸைத் தொட்டுப் பார்த்தாள், போத்தல்களைத் தொட்டுப் பார்த்தாள். "நன்றாக இருக்கிறது" என்றாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, அடுத்த வேளைப் பால் குழாய்க்குள்ளால் துளித்துளியாய்ப் போவதைப் பார்த்தேன். பார்த்தபடியே நித்திரையாகிவிட்டேன் போல. தாதி தோளைத் தட்டினாள்.

கீழே வந்தபோது முதலாளி போகாமல் நின்றார். வெள்ளைக் காரின் முன் கண்ணாடியில், நடுவிலிருக்கும் சின்னக் கறுப்புச் சதுரத்தைக் காட்டினார்.

"இது கண். மழை வந்தால் இது பார்க்கும், வைப்பர் ஓடும். உன் மனைவி இதன் கண்ணில் பூசிவிட்டார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுத்தவில்லை. சாம்பல் காரின் திறப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வெள்ளைக் காரின் திறப்பைத் தந்தார்.

"பிள்ளை வீட்டுக்கு வரும்வரை இதை வைத்திரு. யார் வந்து கேட்டாலும் நான் உன்னைக் கூப்பிட மாட்டேன்." போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எலுமிச்சை வேலை உன் வீட்டில் மட்டும்."

இரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பால் போய்ச் சேர்ந்தது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப இனி எங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

"என்னத்தை?"

"பொட்டைத்தானப்பா. கண்ணில வைக்கேலாதெண்டால் எங்க வைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாரியில் வேலை மாதிரி இல்லாமல் சிரித்தது அப்போதுதான். "மூலையில வையும்" என்றேன். அடுத்த நாள் காலையில் அவள் கீழ் மூலையில் சின்னதாக ஒன்று வைத்தாள். பிறகு எந்த மழைக்கும் வைப்பர் ஒழுங்காக ஓடியது.

தைப்பொங்கல் கழிய, சின்னவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா பின்னால் அவனோடு இருந்தாள், மூத்தவள் மற்றப் பக்கம். எல்லோரும் நான் சந்தோஷத்தில் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு. அன்றைக்கு நான் ஒன்றையும் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இருக்கை இருந்த இடத்தில் இருந்தது, பிள்ளையார் இருந்த இடத்தில் இருந்தார். கையை நீட்டினால் லைற் அங்கேயே இருந்தது. தூண் ஏரிக்கரை வழியே மெதுவாக ஓடிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள்.

கோடையில் முதலாளி பழைய கார்களை விற்றபோது இதை முதலில் எனக்குத்தான் காட்டினார். தவணையில் கொடுத்து முடித்தோம். நீங்கள் விற்கச் சொல்வது அந்தக் காரைத்தான். உங்களுக்கு வெட்கமாக இருந்த இந்தக் காரை நான் ஏன் மாற்றாமல் வைத்திருந்தேன் என்று கேட்டால், மாற்றி மாற்றி அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வாங்குகிறவர் வருவார். திறப்பு கதவடியில் தொங்குகிறது. பிள்ளையார் படத்தையும் சாமான்களையும் இந்த முறை நீங்களே மாற்றுங்கள், எனக்குக் குனிய முடியாது. நீங்கள் வாங்குகிற புதுக் காரில் கமெராவெல்லாம் நடுவில்தான் இருக்குமாம், அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை, அவளுடைய கை தானாக மூலைக்குத்தான் போகும். கொடுப்பதற்கு முன்னர் ஆசனத்துக்குப் பின்னால் மட்டும் ஒருக்காக் கையை விட்டுப் பாருங்கள்.

அப்பா